இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை?

(மேலூரில் அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒன்பதாம் வகுப்பு அளவீட்டுப் பாடத்தை எப்படி நடத்துகிறேன் என்று அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். வெர்னியர் அளவி, திருகு அளவி, சுழிப்பிழை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். அதையே திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இந்தத் தகர டப்பாவில் இருப்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள். வளையம் போன்ற மெல்லிய இரும்புத் தகடுகள், சுற்றிலும் போல்ட்டு போகிற துளைகள். சில தாளைவிடக் கொஞ்சம்தான் தடிமன். சில தபால் அட்டையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். மேலூரில் டிராக்டர் பட்டறைகளில் இதை ஷிம் என்பார்கள். 'ஷிம்மு' என்றுதான் காதில் விழும்.

வகுப்பில் மேசை ஆடினால் காலுக்கு அடியில் தாளை மடித்து வைக்கிறோம் அல்லவா? அண்டக் கொடுப்பது என்று நம் ஊரில் சொல்வோம். ஷிம்மும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் மேசைக்குத் தாளை எத்தனை மடிப்பு மடித்தோம் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. இங்கே அந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை நான் என் கையாலேயே செய்து தெரிந்துகொண்டேன்.

முதலில் இயந்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். டிராக்டரில் எஞ்சின் முன்பக்கம் இருக்கிறது. அதன் சுழற்சி வண்டியின் நீளவாக்கில் பின்னால் வருகிறது. சக்கரத்தின் அச்சோ குறுக்குவாக்கில் இருக்கிறது. ஆகவே சுழற்சி ஓரிடத்தில் செங்கோணமாகத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தைச் செய்வது கிரவுன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்கள். நீளவாக்கில் வரும் தண்டின் முனையில் சிறிய பினியன் இருக்கும். அதோடு பல் கோத்துச் சுழலும் பெரிய தட்டுச் சக்கரம்தான் கிரவுன். கிரவுனின் இரு பக்கமும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் தாங்கி நிற்கும். அந்தப் பேரிங்குகளை ஒட்டி இடப்பக்கம் ஒரு கட்டு ஷிம், வலப்பக்கம் ஒரு கட்டு ஷிம். பினியனுக்கும் தனியாக ஒரு கட்டு உண்டு.

இந்தக் கட்டுகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. இரு பக்கத்துத் தடிமனையும் கூட்டினால் வருவது பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து ஒரு தகட்டை எடுத்து மறுபக்கம் போட்டால் கூட்டுத்தொகை மாறாது. ஆனால் கிரவுன் சக்கரம் அந்தத் தகட்டின் தடிமன் அளவுக்கு நகர்ந்துவிடும். பினியனை நெருங்கும், அல்லது விலகும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மாறிவிடும். பட்டறையில் அதைப் 'ப்ளே' என்பார்கள், கையேட்டில் பேக்லாஷ் என்று இருக்கும். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று பங்கு என்கிற அளவில்தான் இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும்.

சரி, அந்தத் தகடுகளுக்குப் பதிலாகத் தொழிற்சாலையிலேயே எல்லாவற்றையும் சரியான அளவில் செய்துவிடக் கூடாதா? பிள்ளைகள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. நல்ல கேள்வி. வார்ப்பில் வந்த பெரிய இரும்புக் கூடு ஒன்றைக் கடைந்து எடுத்தால், அடுத்த கூடு அச்சாக அதே அளவில் வராது. மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள் கூடும், குறையும். பேரிங்கிலும் அப்படி, பல்சக்கரத்திலும் அப்படி. எல்லா வேறுபாடும் கடைசியில் ஓரிடத்தில் வந்து சேரும். அந்த இடத்தில் அளந்து பார்த்து, தேவையான தடிமனுக்குத் தகடு வைத்து ஈடுகட்டுகிறார்கள். ஆகவே இடப்பக்கம் இத்தனை, வலப்பக்கம் இத்தனை என்று எந்தக் கையேட்டிலும் அச்சிட முடியாது. பல் இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பைத்தான் கையேடு சொல்லும். அந்த வரம்புக்கு வர இந்தக் கூட்டுக்கு எத்தனை தகடு வேண்டும் என்பது அந்தக் கூட்டுக்குள்ளே மட்டும்தான் இருக்கிறது. பிரிக்கும்போது அதைக் குறித்துக்கொள்ளாமல் விட்டால் வேறு எங்கு போய்த் தேடினாலும் கிடைக்காது.

இனி என் கதை. பி.எட். முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. என் தாய்மாமாவுக்கு மேலூரில் டிராக்டர் பட்டறை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அங்கே போய் நின்றேன். இயற்பியல் படித்தவன் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

நம் பகுதி ஒருபோகப் பாசனம் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் வருவது ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணிக் கடைசி, புரட்டாசி வாக்கில். தண்ணீர் வந்ததும் எல்லா வயலிலும் ஒரே நேரத்தில் சேற்றுழவு நடக்கும். டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறக்குவார்கள். பின் அச்சுக்கு அதைவிடக் கடுமையான வேலை வேறு இல்லை. வண்டி வைத்திருப்பவருக்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில்தான் வரும். அதற்கு முன்பு வண்டியைத் தயார் செய்துவிட வேண்டும் என்று பட்டறையில் வரிசையாக நிற்பார்கள்.

அப்படி வந்த ஒரு வண்டி. கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவருடையது. பின் அச்சுப் பக்கம் ஆயில் கசிவு, பேரிங்கிலும் கொஞ்சம் ஆட்டம். கிரவுன் பினியன் நன்றாக இருந்தது. பிரித்து, சீல் மாற்றி, பேரிங்கைப் பார்த்து, திரும்பப் பூட்ட வேண்டும். மாமாவும் நானும் பிரித்தோம். மாமா வெளியூர் போக வேண்டியிருந்தது. பாகங்களைக் கழுவி வைக்கும் வேலை என்னுடையது. நான் இடப்பக்க ஷிம்மையும் வலப்பக்க ஷிம்மையும் ஒரே தட்டில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவினேன். பளபளவென்று துடைத்து வரிசையாக அடுக்கியும் வைத்தேன். அடுக்கி முடித்த பிறகுதான் எது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்பது உறைத்தது.

தடிமனாக ஒரு கட்டு, மெல்லியதாக ஒரு கட்டு என்று இருந்தது மட்டும் நினைவில் இருந்தது. தடிமன் இடப்பக்கம் என்று மனம் சொன்னது. அப்படியே இரண்டாகப் பிரித்துக் கம்பியில் கோத்துவிட்டேன். மறுநாள் மாமா வந்ததும் கேட்டார்.

"மாப்ள, ஷிம்மு பக்கம் மாறலைல்ல?"

"இல்ல மாமா, சரியாத்தான் இருக்கு."

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் டயல் கேஜ் வைத்து அளந்து, அரை நாளில் சரி செய்திருப்பார். நான் சரியாக இருக்கிறது என்று சொன்னதால், பழைய பல்சக்கரம், பழைய ஷிம், பழைய இடம் என்ற நம்பிக்கையில் பூட்டினார். கையால் சுற்றிப் பார்த்தோம். அருமையாகச் சுற்றியது. சுற்றத்தானே செய்யும்! கூட்டுத்தொகை மாறவில்லை, ஆகவே பேரிங் இறுக்கம் சரியாகவே இருந்தது. கிரவுன் மட்டும் பினியனை விட்டு விலகியிருந்தது. பல் இடைவெளி கூடினால் சுற்றுவதற்கு இன்னும் இலகுவாகத்தான் இருக்கும். நெருங்கியிருந்தாலாவது எங்காவது பிடித்து நம்மை எச்சரித்திருக்கும்.

வண்டி சேற்றில் இறங்கி ஒன்பதாம் நாள் நின்றுவிட்டது. முதல் இரண்டு நாளிலேயே கியர் மாற்றும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வந்ததாம். வேலை மும்முரத்தில் அவர் பொருட்படுத்தவில்லை. பிரித்துப் பார்த்தால் கிரவுனின் பற்கள் வெளி ஓரத்தில் மட்டும் தேய்ந்து, மூன்று பல் முறிந்து கிடந்தது. பல்லின் நடுப்பகுதி தாங்க வேண்டிய சுமையை ஓரம் தாங்கியிருக்கிறது. உடைந்த துணுக்குகள் ஆயிலோடு சுற்றிப் பேரிங்கையும் கெடுத்துவிட்டன. கிரவுன் பினியன் ஜோடியாகத்தான் விற்கும். தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடொன்று உரசவிட்டுப் பதப்படுத்தி, ஜோடி எண் பொறித்து அனுப்புவார்கள். ஒன்று போனால் இரண்டும் போச்சு.

புது ஜோடிக்கு மாமா டயல் கேஜ் வைத்து அமைத்தார். தகடுகளை இங்கும் அங்கும் மாற்றி மாற்றி வைத்து, பல் இடைவெளி வரம்புக்குள் வந்தபோது தடிமனான கட்டு வலப்பக்கம் இருந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானே சொன்னேன். புது ஜோடியின் செலவை மாமா ஏற்றுக்கொண்டார். அவருக்கு அது ஒரு மாத வருமானம். விவசாயிக்கு அந்தப் பருவத்தின் வாடகை உழவு போனது போனதுதான். தன் வயலுக்கே வேறு வண்டி பிடித்து உழுதார். பொருளில் குற்றம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மாமா அப்படிச் செய்யவில்லை. "நம்ம பய கையில வந்த தப்புண்ணே" என்று அவரிடமே சொல்லிவிட்டார். அந்த மனிதர் பட்டறையை விட்டுப் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வண்டியைக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும், "வாத்தியார் கை வைக்கலையே?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். எனக்குப் பணி கிடைத்து வெளியூர் போன பிறகும் கேட்டாராம்.

அந்தப் புரட்டாசிக்குப் பிறகு மாமா பட்டறையில் ஒரு வழக்கம் வந்தது. நான் ஆசிரியனாக எடுத்துக்கொண்டது அதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிரிப்பதற்கு முன்பே டயல் கேஜ் வைத்துப் பல் இடைவெளியை அளந்து நோட்டில் எழுத வேண்டும். பிரிக்கும்போது ஷிம் கட்டு கையில் வந்த உடனே, கழுவுவதற்கு முன்பு, துளை வழியாகச் செம்புக் கம்பியை விட்டுக் கட்ட வேண்டும். இடப்பக்கத்துக்கு ஒரு முடிச்சு, வலப்பக்கத்துக்கு இரண்டு முடிச்சு, பினியனுக்கு மூன்று. சீட்டு எழுதி வைத்தால் கிரீஸில் அழிந்துபோகும். கம்பி முடிச்சு மண்ணெண்ணெயில் கிடந்தாலும் இருக்கும், இருட்டில் விரலால் தடவினாலும் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாத கையாளுக்கும் புரியும். கழுவுவதாக இருந்தால் கம்பியோடு கழுவ வேண்டும். கழுவிய பின் ஒவ்வொரு கட்டின் தடிமனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, எத்தனை தகடு என்பதையும் சேர்த்து, வண்டி எண், தேதியோடு நோட்டில் ஏற்ற வேண்டும். ஒரு தகடு ஆயிலோடு ஒட்டிக்கொண்டு கூட்டுக்குள்ளேயே நின்றுவிடுவது உண்டு. எண்ணிக்கையை எழுதாமல் விட்டால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இது டிராக்டரோடு முடிகிற விஷயமில்லை. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் டிப்ளமோ முடித்துவிட்டு இப்போது வளைகுடா நாடு ஒன்றில் விசைப்படகுப் பட்டறையில் இருக்கிறான். ஒருநாள் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். பிளாஸ்டிக் உறைகளில் தனித்தனியாக ஷிம். ஒவ்வொன்றின் மேலும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று அழியாத மையில் எழுதியிருந்தது. "ஐயா, இங்கயும் உங்க ஷிம்மு வந்துருச்சு" என்று கீழே குறிப்பு. அவன் வேலை பார்ப்பது ஸ்டெர்ன் டிரைவ் என்ற அமைப்பில். எஞ்சின் படகுக்குள் பின் ஓரத்தில் இருக்கும். அதன் சுழற்சி படகின் பின்பலகையைத் துளைத்து வெளியே வந்து, அங்கே தொங்கும் ஒரு கால் போன்ற பெட்டிக்குள் போகும். மேலே ஒரு செங்கோணத் திருப்பம், சுழற்சி கீழே இறங்கும். நீருக்குள் இன்னொரு திருப்பம், அங்கிருந்து விசிறிக்குப் போகும். 1959இல் வால்வோ பென்டா நிறுவனம் 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உல்லாசப் படகுகளில் இன்று பரவலாக இருக்கிறது. நம் டிராக்டரில் ஒரு திருப்பம், அங்கே இரண்டு. ஆகவே ஷிம் கட்டுகளும் கூடுதல். சீல் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும் என்ற பயம் வேறு. பருவம் முடிந்ததும் பல படகுகளின் டிரைவை ஒரே நேரத்தில் கழற்றி வரிசையாகப் போட்டுவிடுவார்களாம். பக்கம் மாறுவதோடு, ஒரு படகின் ஷிம் இன்னொரு படகுக்குப் போய்விடுகிற ஆபத்தும் உண்டு என்றான்.

நம் இராமேசுவரம், நாகப்பட்டினம் விசைப்படகுகளில் இந்த அமைப்பு இல்லை. எஞ்சினும் கியர் பெட்டியும் உள்ளே, அங்கிருந்து நீளத் தண்டு நேராக விசிறிக்குப் போகும். ஆனால் அங்கும் எஞ்சினின் கால்களுக்கு அடியில் தகடு வைத்துத்தான் தண்டோடு நேர் பார்க்கிறார்கள். இரண்டு இணைப்புத் தட்டுகளுக்கு நடுவே சுற்றிலும் ஃபீலர் கேஜ் விட்டு, மேலேயும் கீழேயும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேறி நிற்கிற படகுகளில் இந்த வேலை நடப்பதைப் பார்க்கலாம். கோடை விடுமுறையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

வகுப்புக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்புச் செய்முறை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கம்பியின் மின்தடை எண் காணும் சோதனை. முப்பத்திரண்டு ஏடுகளிலும் கம்பியின் ஆரம் 0.23 மி.மீ. என்று இருந்தது. எல்லோரும் ஒரே கம்பியைத்தானே அளந்தார்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த ஆண்டு பழைய கம்பி அறுந்துபோய், நானே புதுக் கம்பி வாங்கி வைத்திருந்தேன். போய் அளந்தேன். ஆரம் 0.19தான் வந்தது. 0.23 என்பது முந்தைய ஆண்டு அண்ணன்கள், அக்காக்கள் எழுதிய பழைய கம்பியின் அளவு. மின்தடை எண் கணக்கிடும்போது ஆரம் வர்க்கமாக வருகிறது. ஆகவே விடை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு தவறு. ஆனாலும் முப்பத்திரண்டு பேருக்கும் விடை 'சரியாக' வந்திருந்தது, ஏனென்றால் விடையும் பழைய ஏட்டிலிருந்துதான் வந்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. திட்டவும் செய்தேன். அன்று இரவு படுத்தபோது, "சரியாத்தான் இருக்கு மாமா" என்ற என் குரல் காதில் கேட்டது. அந்தப் பிள்ளைகள் ஏன் அளக்காமல் எழுதினார்கள்? எதிர்பார்க்கிற விடை வந்தால் நான் மதிப்பெண் போடுகிறேன், வராவிட்டால் மீண்டும் செய் என்று திருப்பி அனுப்புகிறேன். தெரியவில்லை, அளவு ஒத்துவரவில்லை என்று எழுத என் வகுப்பில் இடமே இல்லை. இருபது ஏட்டை ஒரே பாடவேளையில் திருத்த வேண்டும் என்கிற அவசரம் நமக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் வழி செய்து கொடுத்தது நான்தான்.

அடுத்த ஆண்டு மாமா பட்டறையிலிருந்து கழித்துப்போட்ட ஷிம்களை டப்பா நிறைய வாங்கி வந்தேன். கழித்தவை என்றால் மடங்கியவை, கிழிந்தவை. நமக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. ஷிம்மை அளவிட எடுத்தால் ஒரு நன்மை உண்டு. இதற்கு விடை எந்தக் கையேட்டிலும் இல்லை, போன ஆண்டு ஏட்டிலும் இல்லை. என்னிடமே இல்லை. நான் முன்கூட்டியே அளந்து வைப்பதில்லை. "சார், சரியான விடை எவ்வளவு?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாது, நீ சொல்லு" என்று உண்மையாகவே சொல்ல முடிகிறது. பிள்ளைகளுக்கு அது முதலில் நம்பமுடியவில்லை.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கட்டு. முதலில் ஒவ்வொரு தகட்டையும் தனியாக அளந்து கூட்ட வேண்டும். பிறகு நான்கையும் சேர்த்து ஒரே கட்டாக அளக்க வேண்டும். இரண்டும் சமமாக வர வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலும் வராது. இங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஒரு முறை ஒரு குழுவுக்குத் தனித்தனியாக அளந்து கூட்டியதில் 1.12 மி.மீ., சேர்த்து அளந்ததில் 1.03 மி.மீ. வந்தது. வழக்கமாக ஆயில் பிசுக்கோ ஓரத்துப் பிசிறோ இருந்தால் கட்டாக அளக்கும்போதுதான் கூடும். இங்கே குறைந்திருக்கிறது. குழு முழுக்கக் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தது. ஒரு மாணவி மட்டும் தகடே வைக்காமல் திருகு அளவியை மூடிப் பார்த்தாள். புரிக்கோலின் சுழியோடு தலைக்கோலின் சுழி பொருந்தவில்லை, மூன்று பிரிவு தள்ளி நின்றது. சுழிப்பிழை +0.03. தனித்தனியாக நான்கு முறை அளந்தபோது அந்தப் பிழை நான்கு முறை சேர்ந்து 0.12 ஆகிவிட்டது. கட்டாக அளந்தபோது ஒரே முறைதான் சேர்ந்தது. இரண்டிலும் கழித்தால் 1.00.

சுழிப்பிழையைக் கழிக்க வேண்டும் என்று பதினைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அது ஏன் என்று இவ்வளவு தெளிவாக என்னால் ஒருநாளும் காட்ட முடிந்ததில்லை. அதே மாணவி பிறகு கேட்டாள், "சார், அப்போ நாம தப்பா, கருவி தப்பா?" இருவரும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. கருவி சுழியிலிருந்து தள்ளி நிற்கலாம், அதைக் குறித்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது செயல்பாடு இன்னும் எளிது. ஒரு குழு இரண்டு கட்டுகளை எடுத்து, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்த டிராக்டர் படத்தில் பின் அச்சின் இரு பக்கமும் வைக்க வேண்டும். பிறகு அளந்து, கம்பி கட்டி, அட்டையில் குறிப்பு எழுதி டப்பாவில் போட வேண்டும். ஒரு வாரம் கழித்து வேறு குழு அந்த அட்டையை மட்டும் படித்து, அதே இடத்தில் வைக்க வேண்டும். எழுதிய குழு வாய் திறக்கக் கூடாது. முதல் ஆண்டு ஆறு குழுக்களில் இரண்டு தவறின. ஒரு குழு தகடுகளின் எண்ணிக்கையை எழுதவில்லை. இன்னொரு குழு எல்லாவற்றையும் அழகாக எழுதியிருந்தது, ஆனால் பக்கம் மாறிவிட்டது. காரணம் தேடினோம். எழுதியவர்கள் படத்தின் முன்பக்கம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், படித்தவர்கள் பின்பக்கம் நின்று படித்திருக்கிறார்கள். யாருடைய இடது என்று அட்டையில் இல்லை!

பட்டறையில் இடது என்றால் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கிற ஓட்டுநரின் இடது. பழுது பார்ப்பவர் எந்தப் பக்கம் நின்றாலும் அதுதான். கப்பலிலும் படகிலும் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று இடது, வலது என்ற சொற்களை விட்டுவிட்டு, முன்னோக்கிப் பார்த்தால் இடப்பக்கம் போர்ட், வலப்பக்கம் ஸ்டார்போர்ட் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆள் எப்படித் திரும்பி நின்றாலும் பக்கம் மாறாது. இயக்கம் பற்றிய பாடத்தில் ஆதாரப் புள்ளி என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அதை அந்த வகுப்பில் தனியாக நடத்த வேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

நேரம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். பேரிங்கின் இறுக்கத்தைப் பட்டறையில் அளக்கும் முறை நம் ஆய்வகத்துக்காகவே செய்ததுபோல இருக்கும். சுழலும் பாகத்தில் நூலைச் சுற்றி, நூலின் முனையில் சுருள்வில் தராசை மாட்டி, சீராக இழுப்பார்கள். தராசு காட்டும் விசையை ஆரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன். மிதிவண்டிச் சக்கரத்தின் அச்சை இறுக்கியும் தளர்த்தியும் இதைச் செய்து பார்த்தோம், நன்றாக வந்தது.

ஏட்டு விஷயத்தில் நான் மாற்றிக்கொண்டது இவைதான். அளவைப் பேனாவில்தான் எழுத வேண்டும். தவறினால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம், அழிக்கக் கூடாது. அடித்தலுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. விடை எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் குறைப்பதில்லை. எந்தக் கருவி, சுழிப்பிழை எவ்வளவு, யார் அளந்தது என்று இல்லாவிட்டால் குறைப்பேன். 'அளக்கவில்லை' என்று எழுதினால் அந்த வரிக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் திட்டும் இல்லை. மறுநாள் வந்து அளக்கலாம். ஏடுகள் பார்வைக்கு அசிங்கமாகத்தான் இருக்கின்றன. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், இவ்வளவு அடித்தல்?" என்று கேட்டார். இரண்டு பிள்ளைகளை அழைத்து அவரிடம் விளக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நிறைவாக இருந்ததா இல்லையா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் மாறிவிட்டார்கள் என்றும் சொல்லமாட்டேன். பார்த்து எழுதுவது இன்னும் நடக்கிறது. முன்பு எனக்குத் தெரியாமல் நடந்தது, இப்போது பாதியாவது தெரிகிறது.

ஷிம் வேண்டுமென்றால் உங்கள் ஊர் டிராக்டர் பட்டறையிலோ லாரிப் பட்டறையிலோ கேளுங்கள். பிள்ளைகளுக்கு என்றால் யாரும் காசு கேட்பதில்லை. மண்ணெண்ணெயில் கழுவும் வேலையை நீங்களே செய்துவிடுங்கள், பிள்ளைகளிடம் விடாதீர்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டால் போதும். அளக்கும்போது திருகைக் கையால் முறுக்கக் கூடாது, பின்முனையில் இருக்கும் ராட்செட்டைத் திருகி 'டக் டக்' என்ற சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். மெல்லிய தகட்டை முறுக்கினால் அளவு குறைவாகக் காட்டும்.

சுற்றுக்கு விட்ட தகடுகள் பதினெட்டு. தேநீருக்குப் போகும் முன் டப்பாவில் பதினெட்டும் வந்துவிட்டதா என்று எண்ணிவிடலாம். பின்வரிசை மேசையில் ஆறு திருகு அளவிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டுக்குச் சுழிப்பிழை உண்டு, எவை என்று நான் சொல்லப் போவதில்லை. தகட்டின் ஓரம் விரலைக் கிழிக்கும், பார்த்து எடுங்கள்.